நாட்டுக்கோழிக் குஞ்சுகளில் சேவலையும் பெட்டையையும் எத்தனை நாளில் பிரித்தறியலாம்?

கேள்வி: நெல்லிக்குப்பம் தோட்டத்தார்

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பத்துக்கு அருகில், கரும்பு வயலை ஒட்டிய சிறு தோப்பில் மூன்று ஆண்டுகளாக நாட்டுக்கோழி வளர்த்து வருகிறேன். முட்டைக்காகவே வளர்க்கிறேன் என்பதால் எனக்குப் பெட்டைகள்தாம் வேண்டும். சென்ற ஆண்டு ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் ஒரு நாள் வயதுடைய முப்பது குஞ்சுகள் வாங்கினேன். அங்கிருந்தவர் ஒவ்வொரு குஞ்சின் இறக்கையையும் குழல் விளக்கின் கீழே விரித்துப் பார்த்து, "இறகு நீண்டிருப்பவை எல்லாம் பெட்டை" என்று சொல்லி முப்பதைப் பொறுக்கித் தந்தார். பொறுக்கித் தந்ததற்காகக் குஞ்சு ஒன்றுக்குப் பதினைந்து ரூபாய் கூடுதலாகவும் வாங்கிக்கொண்டார். முதல் வாரத்தில் இரண்டு இறந்தன. மீதி இருபத்தெட்டும் மூன்று மாதம் வளர்ந்தபின் எண்ணிப் பார்த்தால் பதினைந்து சேவல்கள். திரும்பிச் சென்று கேட்டபோது, இது தீனியால் வந்த மாற்றம் என்று பதில் சொன்னார்கள். அந்தப் பதில் என் மனத்துக்கு ஒப்பவில்லை.

இம்முறை வெளியில் வாங்காமல் என் வீட்டுக் கோழிகள் மூன்றை ஒரே நாளில் அடை வைத்தேன். நேற்று முன்தினம் முப்பத்தொரு குஞ்சுகள் பொரிந்துள்ளன. தாய்க்கோழிகள் பெரும்பாலும் சிறுவிடை என்னும் சிறிய உடல்வாகுள்ள நாட்டுக்கோழி வகை. ஒன்று மட்டும் ரோட் ஐலண்ட் ரெட் என்னும் சிவப்பு நிற வெளிநாட்டு இனம். சேவல், சண்டைக்கோழி இனமான அசிலின் கலப்பு. கூர்முனை முட்டையில் சேவலும் உருண்டை முட்டையில் பெட்டையும் பிறக்கும் என்று என் தாயார் உறுதியாக நம்புவதால், உருண்டையானவற்றையே தேர்ந்து அடை வைத்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் நூலில் மோதிரம் கட்டிக் குஞ்சின் மேல் தொங்கவிட்டுப் பார்க்கச் சொல்கிறார். காணொளி ஒன்றில் குஞ்சின் ஆசனவாயை விரல்களால் விரித்துப் பார்க்கிறார்கள். இவற்றில் எது உண்மை, என்னைப் போன்றவர் எத்தனை நாளில் எந்த அடையாளத்தை வைத்துப் பிரிக்கலாம் என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். தீனிச் செலவை முன்கூட்டியே கணக்கிட எனக்கு இது மிகவும் தேவைப்படுகிறது.

மறுமொழி: பாகூர் பண்ணையாளர்

ஐயா, உங்கள் கணக்கிலேயே பாதி விடை இருக்கிறது. இருபத்தெட்டில் பதினைந்து சேவல் என்றால், கண்ணை மூடிக்கொண்டு கூடையிலிருந்து அள்ளியிருந்தாலும் ஏறக்குறைய அதே எண்ணிக்கைதான் வந்திருக்கும். அவர் இறக்கை பார்த்தது உங்களுக்கு எந்த வகையிலும் பயன்படவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. தீனியால் பெட்டை சேவலாக மாறும் என்பது முழுத் தவறு. சேவலா பெட்டையா என்பது முட்டை உருவாகும்போதே முடிவாகிவிடுகிறது. அதன்பின் அடைச்சூடோ தீவனமோ அதை மாற்றுவதில்லை.

ஆயினும் இறக்கை பார்க்கும் முறையே பொய் என்று நீங்கள் முடிவு செய்துவிடக் கூடாது. அது மெய்யான முறை. பெரிய பண்ணைகளுக்குக் குஞ்சு வழங்குவோர் அன்றாடம் கையாள்வது. ஒரு நாள் குஞ்சின் இறக்கையை விசிறி போல மெல்ல விரித்தால் இரண்டு வரிசை இறகுக் குருத்துகள் தெரியும். கீழ்வரிசை பின்னாளில் பறக்கும் இறகாக வளர்வது. மேல்வரிசை அதை மூடும் இறகு. வேகமாக இறகு முளைக்கும் குஞ்சுக்குக் கீழ்வரிசை மேல்வரிசையைவிட நன்றாக நீண்டிருக்கும். மெதுவாக முளைக்கும் குஞ்சுக்கு இரண்டும் ஒரே நீளமாகவோ, மேல்வரிசை சற்று நீண்டோ இருக்கும். மெதுவாக முளைக்கும் தன்மை வேக முளைப்பை அடக்கி வெளிப்படும் தன்மை உடையது. அது பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோமிலேயே இருக்கிறது. அதனால் வேகமாக முளைக்கும் சேவலையும் மெதுவாக முளைக்கும் பெட்டையையும் திட்டமிட்டு இணைத்தால், பிறக்கும் பெட்டைக் குஞ்சுகள் தந்தையைப் போல வேகமாகவும் சேவல் குஞ்சுகள் தாயைப் போல மெதுவாகவும் இறகு விடும். அப்படிப்பட்ட இணையிலிருந்து வந்த குஞ்சுகளில் மட்டுமே நீண்ட இறகு பெட்டைக்கு அடையாளம்.

நம் ஊர்க் கோழிகளில் யாரும் தலைமுறை தலைமுறையாக இதைப் பார்த்து இணைத்ததில்லை. என்னிடம் உள்ளவற்றில் சேவல் குஞ்சுகளும் வேகமாகவே இறகு விடுகின்றன. நான் நான்கு முறை பொரிப்பில் குறித்து வைத்துப் பார்த்திருக்கிறேன். நீண்ட இறகு இருந்தவற்றில் பாதிக்குப் பாதி சேவலாகவே வளர்ந்தன. ஆகவே அந்த அடையாளம் குஞ்சுக்கு உரியது அன்று, தாய் தந்தை இணைப்புக்கு உரியது. பெற்றோர் எந்த இணை என்று சொல்லத் தெரியாத ஒருவர் இறக்கையைப் பார்த்துப் பிரித்துத் தருகிறேன் என்று கூடுதல் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். சரியான இணையாகவே இருந்தாலும் இந்த வேறுபாடு முதல் இரண்டு மூன்று நாட்களுக்குத்தான் தெளிவாகத் தெரியும். பிறகு எல்லா இறகும் வளர்ந்து ஒன்றாகத் தோன்றும்.

மறுமொழி: வில்லியனூர், முன்னாள் பொரிப்பகப் பணியாளர்

காணொளியில் பார்த்ததை வீட்டில் முயலாதீர்கள் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். முட்டைக்கோழிக் குஞ்சு பொரிப்பகம் ஒன்றில் ஆறு ஆண்டுகள் வேலை செய்தேன். நான் பிரிப்பவன் அல்லன். பிரிப்பவரின் பக்கத்தில் நின்று தட்டு மாற்றிக் கொடுத்தவன். ஆனால் அந்த வேலையை ஒரு கை நீளத் தொலைவிலிருந்து ஆயிரக்கணக்கான முறை பார்த்திருக்கிறேன்.

அவர் குஞ்சை இடக்கையில் எடுத்து, வயிற்றை மெல்ல அழுத்தி முதலில் எச்சத்தை ஒரு கிண்ணத்தில் வெளியேற்றுவார். பிறகு கட்டைவிரல்களாலும் ஆள்காட்டி விரலாலும் ஆசனவாயின் மடிப்பை விரிப்பார். மேலே மிகப் பிரகாசமான விளக்கு எரியும். அந்த மடிப்பின் நடுவில் ஊசித் தலையளவு ஒரு மொட்டு இருக்கும். சேவலில் அது உருண்டு, பளபளப்பாக, விரல் பட்டாலும் அமுங்காமல் நிற்கும். பெட்டையில் அது இல்லாமலோ, தட்டையாகவோ, தடவியதும் மங்கியோ போகும். இவ்வளவுதான் வேறுபாடு என்று கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். ஆனால் கணிசமான பெட்டைகளுக்கும் சிறு மொட்டு இருக்கும், சில சேவல்களுக்கு அது சிறுத்திருக்கும். அந்த நடுத்தர வகையைப் பிரித்தறிவதில்தான் முழுத் திறமையும் இருக்கிறது. எங்களிடம் இருந்தவர் மணிக்கு எண்ணூறு குஞ்சுகளுக்கு மேல் பார்ப்பார். நூற்றுக்கு இரண்டு மூன்றுக்கு மேல் பிழைத்து நான் பார்த்ததில்லை. அந்த நிலையை அடைய அவருக்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சி தேவைப்பட்டதாகச் சொல்வார். இந்த முறையை உருவாக்கியவர்கள் மசுய், ஹஷிமோட்டோ முதலிய ஜப்பானிய அறிஞர்கள். 1927இல் கனடாவின் ஒட்டாவா நகரில் நடந்த உலகக் கோழியின மாநாட்டில் இது அறிமுகமானபின் ஜப்பானில் பயிற்சி பெற்றவர்களைப் பல நாட்டுப் பொரிப்பகங்கள் வரவழைத்துக்கொண்டன என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

பழகாத கை செய்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞர் ஆர்வத்தில் ஏழெட்டுக் குஞ்சுகளை எடுத்துப் பார்த்தார். ஒரு நாள் குஞ்சின் வயிற்றில் உறிஞ்சப்படாத மஞ்சள் கருப் பை இன்னும் இருக்கும். சற்று அழுத்தம் கூடினால் அது உள்ளேயே உடைந்துவிடும். அன்று மாலையே மூன்று குஞ்சுகள் கண்ணை மூடிக்கொண்டு சுருண்டுவிட்டன. முப்பத்தொரு குஞ்சுகளுக்காக அந்த ஆபத்தை நீங்கள் ஏற்க வேண்டாம். தவிர, முதல் நாளைத் தாண்டியபின் மடிப்பு இறுகி விரிப்பதே கடினமாகிவிடும். உங்கள் குஞ்சுகளுக்கு அந்தக் காலம் ஏற்கெனவே கடந்துவிட்டது.

திருவிழாக் கடைகளிலும் சைக்கிள் கூடைகளிலும் இளஞ்சிவப்பும் பச்சையுமாகச் சாயம் ஏற்றி விற்கும் குஞ்சுகளைப் பலரும் குழந்தைகளுக்கு வாங்கித் தருகிறீர்கள். அவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் இவ்வாறு பிரித்து ஒதுக்கப்பட்ட சேவல் குஞ்சுகள். அவற்றில் முட்டையை எதிர்பார்க்க வேண்டாம். ஒதுக்கப்படும் குஞ்சுகள் இங்கே பெரும்பாலும் கொல்லப்படுகின்றன. அந்த வேலையை விட்டு நான் விலகியதற்கு அதுவும் ஒரு காரணம். ஜெர்மனி 2022 முதல் சேவல் குஞ்சுகளை இவ்வாறு கொல்வதைச் சட்டத்தால் தடுத்திருக்கிறது. அங்கே முட்டைக்குள் இருக்கும்போதே பாலினம் அறியும் கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள். நம் நாட்டிலும் அது வர வேண்டும் என்பது என் விருப்பம்.

நெல்லிக்குப்பம் தோட்டத்தார்

இருவருக்கும் மிக்க நன்றி. விரித்துப் பார்க்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. என் குஞ்சுகளில் ஒன்று முழுக் கருப்பு; அதன் உச்சந்தலையில் மட்டும் வெள்ளைப் புள்ளி இருக்கிறது. தலையில் வெள்ளைப் புள்ளி இருந்தால் சேவல் என்று ஓரிடத்தில் படித்தேன். அது சரிதானா? முட்டையின் வடிவத்தைப் பற்றி என் தாயாருக்கு என்ன சொல்வது?

மறுமொழி: குரும்பாபேட் மாணவி

நான் புதுச்சேரியில் கால்நடை மருத்துவம் பயிலும் மாணவி. தங்கள் தாயாரின் நம்பிக்கையிலிருந்து தொடங்குகிறேன். முட்டையின் வடிவத்தை உருவாக்குவது தாய்க்கோழியின் கருக்குழாய். ஒரே கோழி ஏறக்குறைய ஒரே வடிவத்தில்தான் தொடர்ந்து முட்டையிடும். கூர்முனை முட்டையிடும் கோழிக்குச் சேவல் மட்டுமே பிறக்க வேண்டும் என்றால் அதன் வழி அங்கேயே நின்றுபோயிருக்கும் அல்லவா? அம்மாவிடம் இந்தக் கேள்வியைப் பணிவாகக் கேட்டுப் பாருங்கள்; தம் கோழிகளை முட்டையின் அமைப்பை வைத்தே அடையாளம் சொல்லக்கூடியவராக இருப்பார், அவரே ஒப்புக்கொள்வார். உருண்டையான, சீரான ஓடுள்ள முட்டைகளைத் தேர்ந்ததால் பொரிப்பு நன்றாக அமைந்திருக்கலாம், அது வேறு செய்தி. நூலில் தொங்கும் மோதிரம் பிடித்திருப்பவரின் கை அசைவால் ஆடுகிறது.

மனிதரில் குழந்தையின் பாலினத்தை நிர்ணயிப்பது தந்தையின் விந்தணு. கோழியில் அது தலைகீழ். சேவலுக்கு இரண்டும் இசட் குரோமோசோம்கள். பெட்டைக்கு ஒன்று இசட், மற்றொன்று டபிள்யூ. எனவே சேவல் குஞ்சு தாயிடமிருந்து இசட்டைப் பெறுகிறது. பெட்டைக் குஞ்சுக்கு இசட் தந்தையிடமிருந்து மட்டுமே வருகிறது. பாகூர் ஐயா சொன்ன இறகு வேகமும், தாங்கள் கேட்ட தலைப்புள்ளியும் அந்த இசட்டில் இருப்பவைதாம்.

உடல் முழுவதும் கருப்பும் வெள்ளையும் மாறி மாறிக் குறுக்குக் கோடு விழுந்த கோழி இனம் உண்டு. பிளைமவுத் ராக் அதற்கு நன்கு அறிந்த எடுத்துக்காட்டு. அப்படிக் கோடுள்ள பெட்டையை ரோட் ஐலண்ட் ரெட் சேவலோடு இணைத்தால், குஞ்சுகள் எல்லாம் கருப்பாகப் பிறக்கும். தாயின் இசட்டைப் பெற்ற சேவல் குஞ்சுகளுக்கு மட்டும் உச்சந்தலையில் வெள்ளைப் புள்ளி இருக்கும். இணையை மாற்றி, கோடுள்ள சேவலையும் சிவப்புப் பெட்டையையும் சேர்த்தால் எல்லாக் குஞ்சுக்கும் புள்ளி வந்துவிடும், அடையாளம் பயனற்றுப் போகும். தாங்கள் படித்தது இந்த முதல் இணைக்கு மட்டும் பொருந்துவது. தங்கள் தாய்க்கோழிகளில் கோடுள்ளது ஏதும் இல்லையென்றால் அந்தக் கருப்புக் குஞ்சின் புள்ளிக்கு எந்தப் பொருளும் இல்லை. கருப்புக் கோழிகளின் குஞ்சுகளுக்கு வயிற்றிலும் இறக்கை நுனியிலும் சில வேளை தலையிலும் வெண்மை இருப்பது இயல்பு. இறகு விட்டபின் அது மறைந்துவிடும்.

எதிர்காலத்தில் பிறந்த அன்றே அறிய வேண்டும் என்று உண்மையிலேயே விரும்பினால், குஞ்சை ஆராய்வதைவிட இணையைத் திட்டமிடுவதே வழி. கோடுள்ள பெட்டைகள் நான்கைந்தும் ஒரு ரோட் ஐலண்ட் ரெட் சேவலும் தனிக் கொட்டகையில் இருந்தால் போதும். தங்கள் அசில் கலப்புச் சேவல் அந்தக் கொட்டகைக்குள் நுழையக் கூடாது. வேறு சேவலோடு முன்பு இருந்த பெட்டைகளாயின் பிரித்தபின் மூன்று வாரம் கழித்து இட்ட முட்டைகளையே அடை வைக்க வேண்டும். பழைய சேவலின் விந்து அதுவரை கோழியின் உடலில் தங்கியிருக்கக்கூடும். ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன்: இவ்வாறு பிறந்த குஞ்சுகளையே மீண்டும் தங்களுக்குள் இணைத்தால் அடுத்த தலைமுறையில் இந்த அடையாளம் நிலைக்காது. ஒவ்வொரு முறையும் முதல் இணையிலிருந்தே தொடங்க வேண்டும்.

மறுமொழி: பண்ருட்டி முந்திரித் தோப்பு

தம்பி, இப்போது உங்கள் கையில் இருக்கும் முப்பத்தொன்றுக்கு வருகிறேன். என் மாமியார் காலத்திலிருந்து எங்கள் முந்திரித் தோப்பில் கோழி இருக்கிறது. சிறுவிடைக் குஞ்சை ஆறு வாரத்தில் நான் பிரித்துவிடுவேன். அசில் கலந்ததற்கு மூன்று மாதம் பொறுப்பேன்.

மூன்றாம் வாரம் வரை எதையும் சொல்லாதீர்கள். ஓடி வந்து முட்டிக்கொள்வது சேவல், ஒதுங்குவது பெட்டை என்பார்கள். அந்த வயதில் பெட்டைகளும் மார்போடு மார்பு முட்டி விளையாடும். நான்காம் வாரத்தில் முதலில் வாலைப் பாருங்கள். பெட்டைக்கு வால் இறகு ஒழுங்காக எழுந்து, முதுகும் மூடியிருக்கும். சேவலுக்கு வால் குட்டையாகவும், முதுகிலும் தோளிலும் இன்னும் தோல் தெரியும்படி வெறுமையாகவும் இருப்பது வழக்கம். இது ஐயத்தை எழுப்பும் குறி மட்டுமே. இதை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஆறாம் வாரத்தில் பூவை, அதாவது தலைக் கொண்டையைப் பாருங்கள். கத்தி போல ஒற்றையாக நிமிர்ந்து நிற்கும் கத்திப்பூ உள்ள குஞ்சாக இருந்தால் சேவலுக்கு அது எழும்பி இளஞ்சிவப்பாகிவிடும், கீழே தாடியும் மொட்டு விடும். அதே வயதுப் பெட்டைக்குப் பூ சிறுத்து மஞ்சள் கலந்த வெளிறிய நிறத்தில் தலையோடு இருக்கும். ஒரு குஞ்சைத் தனியே எடுத்துப் பார்த்தால் குழப்பமாக இருக்கும். ஒரே நாளில் பொரிந்த நான்கைந்தைக் காலை வெளிச்சத்தில் ஒரு பஞ்சாரத்தில் அடைத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டால் தானாகத் தெரியும். கால் தண்டும் அப்படித்தான், சேவலுக்குத் தடித்திருக்கும்.

உங்கள் சேவல் அசில் கலப்பு என்பதால் குஞ்சுகள் பலவற்றுக்குப் பூ தலையோடு ஒட்டிச் சிறுத்தே இருக்கும். அவற்றில் பூவை நம்பி நானே ஏமாந்திருக்கிறேன். பெட்டை என்று எண்ணி உறவினருக்குக் கொடுத்த ஒன்று ஐந்தாம் மாதத்தில் கூவியது. இன்றும் அவர்கள் வீட்டுக்குப் போனால் அதை நினைத்து எனக்கு வருத்தமாக இருக்கும். அதன்பின் கழுத்து இறகு வரும்வரை அசில் கலப்பில் நான் வாய் திறப்பதில்லை. பத்து, பன்னிரண்டு வாரத்தில் கழுத்தையும் வாலுக்கு முன்னுள்ள இடுப்பையும் விரலால் நீவிப் பாருங்கள். சேவலின் இறகு ஒடுங்கி நுனி கூராக, எண்ணெய் தடவியது போல மின்னும். பெட்டையின் இறகு நுனி வட்டமாக, மின்னாமல் இருக்கும். இந்த அடையாளம் வந்த குஞ்சில் நான் ஒருமுறைகூடப் பிழைத்ததில்லை. பூவும் தாடியும் தீனியாலும் நோயாலும் முன்பின் ஆகும். இறகின் நுனி அப்படி ஆவதில்லை.

அதுவரை செலவு கூடும் என்று தயங்க வேண்டாம். ஆறு வாரத்தில் ஐயமில்லாத சேவல்களை மட்டும் பிரித்துத் தனியே விடுங்கள். ஐயம் உள்ளவற்றைப் பெட்டைகளோடே வைத்திருங்கள். தவறிப் பெட்டையை விற்றுவிடுவதால் வரும் இழப்பு, ஒரு சேவலுக்கு இன்னும் ஆறு வாரம் தீனி போடுவதைவிட மிகப் பெரிது.

நெல்லிக்குப்பம் தோட்டத்தார்

அம்மா, நீங்கள் எழுதியதை என் தாயாருக்குப் படித்துக் காட்டினேன். கழுத்து இறகைப் பற்றிய செய்தியைக் கேட்டதும், அவருடைய தாயாரும் அதையே பார்ப்பார் என்று நினைவுகூர்ந்தார். மாணவி கேட்கச் சொன்ன கேள்வியையும் கேட்டேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, கூர்முனை முட்டையிடும் கருங்கோழிக்குப் பிறந்த பெட்டைகள் மூன்று இப்போதும் கொட்டகையில் இருப்பதை அவரே சொன்னார். இன்று காலை ஒவ்வொரு குஞ்சின் காலிலும் தாய்க்கோழி வாரியாக வெவ்வேறு நிற நூல் கட்டி, இறக்கை இறகின் நீளத்தையும் நோட்டில் எழுதிவிட்டேன். கோடுள்ள தாய் எதுவும் என்னிடம் இல்லை. கருப்புக் குஞ்சுக்கு நேராகக் கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறேன். பன்னிரண்டு வாரம் கழித்து எல்லாக் கணக்கையும் இதே இடத்தில் பதிவிடுகிறேன்.

பண்ருட்டி முந்திரித் தோப்பு

நூல் கட்டியது நல்லது தம்பி. ஆனால் குஞ்சின் கால் வாரத்துக்கு வாரம் தடிக்கும். பத்து நாளுக்கு ஒருமுறை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுங்கள். கட்டியபின் உங்கள் சுண்டுவிரல் நகம் நுழையும் அளவு இடைவெளி இருக்க வேண்டும். எங்கள் தோப்பில் ஒரு விடைக்கோழிக்கு நூல் தோலுக்குள் இறங்கி, கால் வீங்கியபின்தான் பார்த்தோம்.

பாகூர் பண்ணையாளர்

கணக்கைப் பதிவிடும்போது நீண்ட இறகுள்ளவற்றில் எத்தனை சேவல், எத்தனை பெட்டை என்பதையும் தனியே எழுதுங்கள். என்னுடைய நான்கு பொரிப்பின் கணக்கையும் அதன் பக்கத்தில் சேர்க்கிறேன். நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கப் போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாமா என்று முடிவு செய்துகொள்வார்கள்.